மீன் குடியேறும் சிலை: மதுரைப் பக்கத்துச் சிற்பிகளுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

கோயில் கோபுரத்தில் சுதை வேலை செய்கிறவர், விளாச்சேரியில் கொலு பொம்மை வார்க்கிறவர், கல்லூரியில் சிற்பம் படிக்கிறவர் என யாராக இருந்தாலும் சரி. கடலுக்கு அடியில் நிற்கும் சிலைகளின் படத்தைப் போனில் பார்த்துவிட்டு, “இதை நாமும் செய்யலாமே” என்று ஒரு தடவையாவது நினைத்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். செய்யலாம். கைவேலை நம் ஊரில் தலைமுறையாக இருக்கிறது. கடலும் தூரமில்லை. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக மண்டபம் சுமார் 150 கிலோமீட்டர்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கோபுரத்துப் பொம்மையை நாம் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்காகச் செய்கிறோம். கடலடிச் சிலையை அதற்குள் குடியிருக்கப் போகிறவர்களுக்காகச் செய்ய வேண்டும். நீங்கள் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய மூக்கும் கண்ணும் சில மாதங்களிலேயே பாசிக்கும் சிப்பிக்கும் அடியில் மறைந்துவிடும். அக்குள், மடி, முழங்காலுக்கு அடியில் இருக்கும் இருட்டு, முதுகுக்குப் பின்னால் விட்ட பொந்து ஆகியவைதான் பல வருடம் உழைக்கும். முகத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை அக்குளுக்குக் கொடுக்கிறவரே இந்த வேலைக்கு ஏற்றவர்.

இது எங்கே தொடங்கியது

வரலாறு நீளம்; வேலைக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். ஜேசன் டிகெய்ரஸ் டெய்லர் என்ற பிரிட்டிஷ் சிற்பி 2006-ல் கரீபியன் தீவான கிரெனடாவில், மோலினியர் விரிகுடாவில் கடலடிச் சிற்பப் பூங்கா ஒன்றை உருவாக்கினார். 2004-ல் அடித்த ஐவன் சூறாவளியில் அந்தத் தீவு பெரும் சேதம் கண்டிருந்தது. நீச்சல்காரர் கூட்டத்தைச் சிலைகள் பக்கம் திருப்பிவிட்டால் மிச்சமிருக்கும் இயற்கைப் பாறைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்பது கணக்கு. பிறகு மெக்சிகோவின் கான்கூனில் 400-க்கும் மேற்பட்ட மனித உருவங்களை ஒரே கூட்டமாக இறக்கினார். ஸ்பெயினின் லான்சரோட்டேயிலும் சைப்ரஸின் ஐயா நாப்பாவிலும் அவருடைய கடலடி அருங்காட்சியகங்கள் உள்ளன.

எனக்கு இவற்றைவிட இத்தாலிக்காரர் கதை பிடிக்கும். டலமோனே என்ற ஊரில் பாவ்லோ ஃபன்சுல்லி என்ற மீனவர், சட்டத்துக்குப் புறம்பாகக் கரையோரம் வந்து அடியை வாரிச் செல்லும் இழுவைப் படகுகளோடு பல வருடம் மல்லுக்கு நின்றார். கடைசியில் கராரா என்ற இத்தாலிய ஊரின் பளிங்குக் கற்களைச் சிற்பிகளிடம் கொடுத்துச் செதுக்க வைத்துக் கடலில் இறக்கினார். இழுவைமடி கல்லில் மாட்டினால் கிழியும்; அதனால் படகு அந்தப் பக்கம் வராது. சிலை ஒரே நேரத்தில் காவலாளியாகவும் மீன் வீடாகவும் ஆனது. இழுவைமடிச் சண்டை எப்படி இருக்கும் என்று பாம்பன், மண்டபம் நாட்டுப்படகுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதிர் உதாரணமும் ஒன்று வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையில் 1970-களில் ‘செயற்கைப் பாறை’ என்ற பெயரில் ஏறக்குறைய 20 லட்சம் பழைய டயர்களைக் கடலில் போட்டார்கள். கட்டிய கட்டு அறுந்து டயர்கள் உருண்டு, பக்கத்திலிருந்த உயிருள்ள பவளப்பாறையை நொறுக்கின. இன்றுவரை எடுத்து முடியவில்லை. நல்ல எண்ணத்தோடு எதையாவது கடலில் போட்டால் போதும் என்று நினைக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த டயர் கதையைத்தான்.

முதலில் கடலைப் போய்ப் பாருங்கள்

பட்டறையைத் திறக்கும் முன் மண்டபத்துக்கு பஸ் ஏறுங்கள். மன்னார் வளைகுடாவில் பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989-ல் அதைச் சுற்றிய பெரிய கடற்பரப்பும் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பல பத்தாண்டுகள் பவளக்கல்லை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அனுப்பினார்கள். சுதைக்காரர்கள் இதைக் கேட்டுக் கொஞ்சம் நெளியலாம். பாறை குறைந்ததும் அரிப்பு கூடி, அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடி பக்கம் வான் தீவும் கரைந்துகொண்டே வர, 2015 முதல் அதைச் சுற்றித் துளையிட்ட கான்கிரீட் கட்டமைப்புகளை வரிசையாக இறக்கினார்கள். தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் அந்த வேலையில் முன்னின்றது. அலையின் வேகம் குறைந்தது, மணல் சேர்ந்தது, மீனும் வந்தது. ஆக, நம் கடலில் செயற்கைப் பாறை புது விஷயமே இல்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது. கலவாய்க்கு ஒரு வடிவம், மற்ற பாறை மீன்களுக்கு ஒரு வடிவம், கிணற்று உறை போல ஒரு வடிவம் என்று கான்கிரீட்டில் செய்து தமிழகக் கரை நெடுக இறக்கியவர்கள் அவர்கள். அந்த அச்சுகளைப் பாருங்கள். அழகு ஒன்றும் இருக்காது. ஆனால் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு காரணம் இருக்கும்.

கரையில் நின்று தண்ணீரையும் பாருங்கள். லான்சரோட்டே படங்களில் வரும் நீலக் கண்ணாடி இங்கே கிடைக்காது. காற்றும் சேறும் சேர்ந்தால் நம் கடலில் சில மீட்டருக்கு மேல் தெரியாத நாள் நிறைய. அதனால் சுற்றுலாக் கனவைப் பட்டறையின் முதல் நாளிலேயே கழற்றி வைத்துவிடலாம். இங்கே சிலை மீனுக்கும் மீனவருக்கும்தான். படம் எடுக்கிறவருக்குக் கிடைப்பது உபரி.

முக்கியமான ஆட்களைச் சந்திக்காமல் திரும்பாதீர்கள். கீழக்கரை, தூத்துக்குடி பக்கம் சங்கு குளிக்கிறவர்களுக்குக் கடலின் அடி உள்ளங்கை மாதிரி. எங்கே மணல், எங்கே சேறு, எந்தப் பார் (கடலடிப் பாறை) இன்னும் உயிரோடு இருக்கிறது, எங்கே ஆவுளியா (கடற்பசு) மேயும் கடல்புல் இருக்கிறது என்று அவர்கள் சொல்வதை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மரக்கிளையையும் தென்னை மட்டையையும் கல்லோடு கட்டி இறக்கி மீனைக் கூட்டுவது கடலோரத்தில் பழைய பழக்கம், அவர்களிடம் போய், “செயற்கைப் பாறை என்றால் என்ன தெரியுமா அண்ணே?” என்று பாடம் எடுக்காதீர்கள். பாசி எடுக்கப் போகும் அக்காமார்களிடமும் பேசுங்கள். ஆழம் குறைந்த இடங்களை அவர்கள் அளவுக்கு அறிந்தவர் கிடையாது.

என்ன உருவம் செய்வது

பாயும் காளை வேண்டாம், படுத்த காளை செய்யுங்கள். மதுரைக்காரர்களுக்கு ஜல்லிக்கட்டுக் காளை என்றால் கை தானாகவே முன்னங்காலைத் தூக்க வைக்கும். மெல்லிய கால், நீட்டிய கொம்பு, காற்றில் பறக்கும் வால் எல்லாம் நீரோட்டத்திலும் நங்கூரக் கயிற்றிலும் முதலில் உடையும். உட்கார்ந்த உருவம், குனிந்த உருவம், கூடையை அணைத்துக்கொண்ட மீன்காரி, பானைகளைச் சுற்றி அடுக்கி நடுவில் அமர்ந்த குயவர் போன்ற தாழ்ந்த, அகன்ற உருவங்களே நிற்கும். அடிப்பீடத்தின் அகலம் சிலையின் உயரத்தைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமி உருவம் செய்யாதீர்கள் என்பது என் கருத்து. கடலோரத்தில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் மீனவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். எந்தச் சாமியை வைத்தாலும் ஒருவருக்கு மனம் நோகும். தவிர, சாமியின் முகத்தில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடலுயிர்) அப்பிக்கொண்டிருப்பதை யாராவது படமெடுத்துப் பரப்பினால் உங்கள் வேலை அதோடு முடிந்தது. விநாயகர் சதுர்த்திக்குக் கரைக்கும் சிலையையும் இதையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அது கரைய வேண்டியது. இது கரையவே கூடாதது.

நம் பக்கத்தில் இதற்கு மிகவும் ஏற்ற வடிவம் ஒன்று ஏற்கெனவே நிற்கிறது. கிராமத்து ஐயனார் கோயிலில் நிற்கும் சுடுமண் புரவியைப் பின்பக்கமாகப் போய்ப் பாருங்கள். கால் உருளை உருளையாக உள்ளே வெற்று, வயிறு வெற்று, சூளையில் வெடிக்காமல் இருக்க அங்கங்கே துளை. இந்த அமைப்பைத்தான் கடலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். கால்களைக் குட்டையாக்கி, வயிற்றைப் பீடத்தோடு சேர்த்துவிட்டால் புரவியே நல்ல மீன் வீடு.

இனி ஓட்டைகள். இதில்தான் புதியவர்கள் அவசரப்படுவார்கள்.

ஒரே அளவில் நாற்பது துளை போட்டால் ஒரே வகை உயிர்தான் வரும். விரல் நுழையும் துளை நண்டுக்கும் குட்டி மீனுக்கும். கை முஷ்டி அளவு ஓராவுக்கும் சின்ன விளமீனுக்கும். தலை நுழையும் பொந்து கலவாய்க்கு. தரையை ஒட்டிய தட்டையான இடுக்கு சிங்கி இறாலுக்கு. எல்லாம் கலந்து வையுங்கள். ஒவ்வொரு பொந்துக்கும் குறைந்தது இரண்டு வாசல் வேண்டும். ஒரு வாசல் மட்டும் இருந்தால் உள்ளே தண்ணீர் ஓடாது, மண் அடையும். துரத்தி வரும் பெரிய மீனிடமிருந்து சின்னதுக்குத் தப்பிக்க வழியும் இருக்காது.

ஆமையை மறக்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் பச்சை ஆமை, சிற்றாமை, அழுங்காமை மூன்றும் உண்டு. ஆமைக்கு மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். உள்ளே நுழையும் அளவு வாசல், திரும்பி வெளியேற முடியாத குறுகல் என்றால் அது பொறிதான். ஆகவே வாசல் ஆமை நுழையவே முடியாத அளவு சின்னதாக இருக்கட்டும். இல்லையென்றால் தாராளமாக நுழைந்து, உள்ளேயே திரும்பி, மேல்பக்கமாக வெளியேறும் அளவு பெரிதாக இருக்கட்டும். நடுத்தரம் வேண்டவே வேண்டாம்.

கலவை

சுதைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி: “சுண்ணாம்பு, மணல், கடுக்காய், கருப்பட்டி போட்டுச் செய்தால் ஆகாதா? நூறு வருஷம் நிற்குமே?” கோபுரத்தில் நிற்கும். நம் சுதைச் சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக இழுத்துத்தான். தண்ணீருக்குள் அந்த வேலை நடக்காது. அலைக்கு எதிராக அதன் வலுவும் போதாது. ஆகவே சிமென்ட்தான். ஆனால் வீடு கட்டும் அதே முறையில் கூடாது.

சாதாரண சிமென்ட் கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரத்தின் காரத்தன்மை (பி.எச். அளவு) 12, 13 வரை போகும். கடல் நீர் 8-க்குச் சற்று மேல். இந்த வித்தியாசம் இருக்கும்வரை மென்மையான உயிர்களின் குஞ்சுகள் அந்தப் பரப்பில் ஒட்டத் தயங்கும். காரத்தைக் குறைக்க இரண்டு வழி: கலவையை மாற்றுவது, பிறகு ஊறவைப்பது. இரண்டும் செய்ய வேண்டும்.

கடையில் பி.பி.சி. சிமென்ட் (போர்ட்லேண்ட் போசலானா) என்று கேட்டு வாங்குங்கள். அதில் நிலக்கரிச் சாம்பல் கலந்தே வரும். இரும்பாலைக் கசடு கலந்த பி.எஸ்.சி. சிமென்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. உப்புத் தண்ணீரைத் தாங்குவதில் கெட்டி. சிலிக்கா ஃபியூம் என்ற சாம்பல் நிறத் தூளைக் கொஞ்சம் சேர்த்தால் காரம் மேலும் குறையும், கலவையும் அடர்த்தியாகும். உலகெங்கும் இறக்கப்படும் ரீஃப் பால் என்ற குமிழ் வடிவக் கான்கிரீட் வீடுகளில் சேர்ப்பதும் இதைத்தான்.

அளவு: ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு எம் சாண்ட், இரண்டு பங்கு சின்ன ஜல்லி. ஜல்லி 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம்; துளைகளைச் சுற்றிக் கலவை இறங்காது. தண்ணீர் 50 கிலோ மூட்டைக்கு 22 லிட்டரைத் தாண்டக் கூடாது. இதில்தான் கொத்தனாரோடு சண்டை வரும். “கலவை ஓடல சார், இன்னும் ஒரு வாளி ஊத்துங்க” என்பார். ஊற்றாதீர்கள். அந்த ஒரு வாளி காய்ந்ததும் நுண்ணிய ஓட்டைகளாக மாறி, உப்பு உள்ளே போகும் வழியாகிவிடும். கலவை ஓட வேண்டுமென்றால் பிளாஸ்டிசைசர் திரவம் வாங்கி டப்பாவில் போட்டிருக்கும் அளவில் சேருங்கள்.

கம்பி கட்டவே வேண்டாம். கோழி வலையும் வேண்டாம். சுதை வேலைக்குப் பழகிய கை முதலில் வலையைத்தான் தேடும், தெரியும். உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தால் வீங்கும். கம்பி வீங்கினால் கான்கிரீட் பிளந்துவிடும். தாழ்ந்த, தடித்த உருவத்துக்குக் கம்பியே தேவைப்படாது. நீட்டிய கை போல ஏதாவது இருந்தே தீர வேண்டும் என்றால் கண்ணாடி இழைக் கம்பி கிடைக்கிறது, அதைப் போடுங்கள். கலவைக்குள் பசால்ட் இழையோ காரம் தாங்கும் கண்ணாடி இழையோ சேர்க்கலாம். பிளாஸ்டிக் இழை வேண்டாம். அது உதிர்ந்தால் போய்ச் சேரும் இடம் மீன் வயிறு.

மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் துண்டுகளைப் பீடத்துக்குள் பதிக்கலாம். கனமும் கூடும், சிமென்ட்டும் மிச்சம். ஆனால் அந்தப் பகுதியில் கல் எடுப்பதில் எத்தனை வழக்கு நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். முறையாக இயங்கும் பாலிஷ் பட்டறையில் பில் போட்டு வாங்கிய கழிவுத் துண்டாக இருக்கட்டும்.

அச்சில் வார்க்கிறவர்கள் சென்ட்ரிங் தகட்டுக்குத் தடவும் பழைய இன்ஜின் ஆயிலை இதற்குக் கொண்டுவராதீர்கள். சமையல் எண்ணெய் போதும். இன்னொரு வழி இன்னும் நல்லது: அச்சின் உள்பக்கம் கெட்டியான சர்க்கரைத் தண்ணீரைத் தடவிவிட்டு வார்த்தால், சர்க்கரை பட்ட மேல்தோல் மட்டும் இறுகாமல் நிற்கும். மறுநாள் அச்சைப் பிரித்துத் தண்ணீர் பீய்ச்சினால் மேல் சிமென்ட் கழுவிப்போய் ஜல்லி வெளியே தெரியும். சிப்பியும் பவளக் குஞ்சும் கால் ஊன்ற இந்தச் சொரசொரப்புதான் வேண்டும். சுதையில் கருப்பட்டி சேர்க்கும் கை, இங்கே இனிப்பை இறுகாமல் இருக்கப் பயன்படுத்துவது வேடிக்கைதான்.

கையால் வனைகிறவர்கள் கடைசியில் சிமென்ட் பால் பூசி மழமழவென்று தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். சீவுக்கட்டை, தென்னந்துடைப்பம், உடைந்த சீப்பு, எதை வைத்தாவது கீறி விடுங்கள். பெயின்ட் கிடையாது. வார்னிஷ் கிடையாது. எபாக்சி கிடையாது.

சுடுமண் தோல்

நம் பக்கத்துக்கே உரிய கூடுதல் வாய்ப்பு இது. பவளக் குஞ்சுகள் எங்கே எவ்வளவு ஒட்டுகின்றன என்று ஆராய்கிறவர்கள் உலகெங்கும் பல காலமாகப் பயன்படுத்துவது மெருகு பூசாத சுடுமண் ஓடுகளைத்தான். ஹாங்காங் பல்கலைக்கழகத்தினர் 2020-ல் முப்பரிமாண அச்சில் எடுத்த சுடுமண் ஓடுகளை அங்குள்ள கடற்பூங்காவில் பவளத்துக்காகப் பதித்தார்கள். அந்த மடிப்பும் வளைவும் எந்திரம் செய்தவை. அவற்றை விளாச்சேரியிலும் மானாமதுரையிலும் கையாலேயே செய்துவிடுவார்கள்.

சுடுமண்ணால் முழுச் சிலையும் செய்தால் இறக்கும்போதே உடையும், கனமும் போதாது. எனவே உடல் கான்கிரீட்டிலும், தோலின் சில பகுதிகள் சுடுமண்ணிலும் இருக்கட்டும். உள்ளங்கை அகலத்தில் ஓடுகள் செய்து, பின்பக்கம் பள்ளமும் மேடுமாகக் கீறி, நன்றாகச் சுட்டு எடுத்துக் கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே அழுத்திப் பதியுங்கள். மீன்காரியின் சேலை மடிப்பு, புரவியின் கழுத்து மணிமாலை, காளையின் திமில் மாதிரியான இடங்களில் வையுங்கள். வெயில் நேரே படும் மேல்பக்கத்தில் பாசி முந்திக்கொள்ளும். அதனால் பாதி ஓடுகளைச் சாய்வான பக்கங்களிலும் கீழ்நோக்கிய பரப்புகளிலும் வைக்க வேண்டும்.

தண்ணீர் கட்டுதல், ஊறவைத்தல்

பி.பி.சி. போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் நனைந்த கோணிச்சாக்கு சுற்றி வையுங்கள். சித்திரை வெயிலில் வார்க்கவே வேண்டாம். 28 நாள் ஆகும்வரை சிலையை அசைக்காதீர்கள்.

பிறகு தொட்டியில் இறக்கி நல்ல தண்ணீரில் ஊறப் போடுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். அலங்கார மீன் கடையில் கிடைக்கும் காரம் பார்க்கும் தாளை வாங்கி, ஒவ்வொரு முறை மாற்றும் முன்னும் நனைத்துப் பாருங்கள். முதல் வாரங்களில் நிறம் உச்சத்துக்குப் போகும். போகப் போக இறங்கும். ஒரு வாரம் நின்ற தண்ணீரே 9-க்குக் கீழே காட்டினால் போதும். பெரிய தொட்டி இல்லாதவர்கள் அதே கலவையில் செங்கல் அளவு மாதிரி ஒன்றை வார்த்து வாளியில் ஊறவைத்து முதலில் பழகலாம். உண்மையில் எல்லோருமே அப்படித்தான் தொடங்க வேண்டும். வெளுத்த அந்தத் தண்ணீரைக் கண்மாயில் விடாதீர்கள்.

அனுமதி

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவும் கறாராகவும் சொல்கிறேன். நீங்களாக ஒரு வல்லத்தில் ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் போட்டால் அது குற்றம். தேசியப் பூங்கா எல்லைக்குள் வனத்துறை, மற்ற இடங்களில் மீன்வளத் துறை, கரையோர ஒழுங்குமுறைக்கான ஆணையம், கடலோரக் காவல் படை என்று கேட்க வேண்டிய வாசல்கள் பல. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்த பவளத் துண்டைக் கரையில் பொறுக்கிச் சிலையில் ஒட்டுவதுகூட வழக்கில் முடியும். உயிருள்ள பவளத்தை நட அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

தனி ஆளாக இந்த வாசல்களையெல்லாம் தட்டி ஏறுவது கடினம். நடைமுறை வழி, ஏற்கெனவே செயற்கைப் பாறை இறக்கும் அமைப்பு ஒன்றோடு சேர்வது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கடல், கடலோர ஆய்வுகளுக்கென்று துறை இருக்கிறது. மண்டபமும் தூத்துக்குடியும் மேலே சொன்னவை. அவர்களிடம் போகும்போது ‘கலைப்படைப்பு’ என்று தொடங்காதீர்கள். எடை, பீடத்தின் அளவு, துளைகளின் அளவு, கலவை, காரத்தன்மைக் குறிப்பு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோய், “உங்கள் அடுத்த இறக்கத்தில் நாலு சிலைக்கு இடம் கொடுப்பீர்களா?” என்று கேளுங்கள். கூடவே அந்தக் கரைக் கிராமத்து மீனவர் சங்கத்தின் சம்மதக் கடிதம் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். சிலை வார்ப்பதற்கு ஒரு வருடம் முன்பே இதைத் தொடங்குங்கள்.

எப்போது, எங்கே இறக்குவது

மன்னார் வளைகுடாவில் பவளங்கள் முட்டையிடுவது பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், முழுநிலவை ஒட்டி. பவளக் குஞ்சு மிதந்து வரும்போது சிலை அங்கே புதிதாக, பாசி மூடாமல் இருந்தால் அதற்கு இடம் கிடைக்கும். மே, ஜூனுக்குப் பிறகு தென்மேற்குக் காற்றில் அந்தக் கடல் கலங்கிவிடும். ஆகவே பிப்ரவரி கடைசியும் மார்ச் முதல் பாதியும்தான் நமக்கான நேரம். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டகைக்குள் வார்க்க வேண்டும். மழைக்காலம் தண்ணீர் கட்டுவதற்கும் வசதி.

இடம் வெறும் மணல் அடியாக இருக்க வேண்டும். உயிருள்ள பாரின் மேலும் கூடாது, கடல்புல்லின் மேலும் கூடாது. சேறு என்றால் சிலை புதையும். சங்கு குளிக்கிறவர் ஒரு கம்பியை அடியில் குத்திப் பார்த்தால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். படகின் அடி தட்டாத ஆழம் வேண்டும். நாட்டுப்படகுக்காரர்கள் வழக்கமாக வலை விடும் பாதையும் வேண்டாம்.

எடைக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட் காற்றில் சுமார் 2,400 கிலோ. கடல் நீர் அதே அளவுக்கு 1,025 கிலோ தாங்கிவிடுவதால் தண்ணீருக்குள் மிச்சம் 1,375 கிலோ. கால் கன மீட்டர் சிலை கரையில் 600 கிலோ, கடலுக்குள் 340 சொச்சம். லாரியில் ஏற்றும்போது பெரிய எண்ணையும், அலையில் நிற்குமா என்று யோசிக்கும்போது சின்ன எண்ணையும் எடுக்க வேண்டும். தூக்குவதற்கு இரும்புக் கொக்கி பதிக்காதீர்கள். வார்க்கும்போதே பீடத்தின் குறுக்கே இரண்டு குழாய் வைத்து, இறுகியதும் உருவிவிட்டால் பெல்ட் போட வழி கிடைக்கும். இறக்கிய பிறகு அதுவும் ஒரு பொந்து.

லாரியில் மணல் மெத்தை போட்டுச் சிலையைப் படுக்க வையுங்கள். கிரேன், மிதவை, குளிக்கிறவர் கூலி எல்லாம் சேர்ந்தால் சிலை செய்த செலவைத் தாண்டும். பணம் திரட்டும்போது இதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒற்றைச் சிலையாக இறக்குவதைவிட நாலைந்தைக் கைநீட்டும் தூரத்தில் கூட்டமாக வைத்தால் நடுவில் கிடைக்கும் நிழல்தான் மீனை முதலில் இழுக்கும்.

இறக்கிய பிறகு

முதல் சில நாளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழுவழுப்பு படரும். சில வாரத்தில் பாசி, கொட்டலசு, குழாய்ப்புழு. சில மாதத்தில் கடற்பஞ்சு, சிப்பி. மீன் இவை எதற்கும் காத்திருக்காது. நிழல் கிடைத்த அன்றே வந்து எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்துவிட்டு மீன்வளம் பெருகிவிட்டது என்று பேட்டி கொடுக்காதீர்கள். வேறு இடத்து மீன் இங்கே கூடியிருக்கிறதா, இங்கேயே பெருகியிருக்கிறதா என்பது ஆய்வாளர்களுக்கே பல வருடக் கேள்வி. கூடிய மீனை மறு வாரமே வலை போட்டு அள்ளினால் இருந்ததும் போகும். அதனால் எவ்வளவு தூரத்துக்கு வலை விடுவதில்லை என்று இறக்கும் முன்பே கிராமத்தில் பேசி முடிவு செய்திருக்க வேண்டும். பவளம் மெதுவானது. குண்டுப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். 2010-லும் 2016-லும் கோடையில் தண்ணீர் சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தன. அப்படி ஒரு கோடை மறுபடி வந்தால் உங்கள் சிலையில் ஒட்டியதும் வெளுக்கும். சிலையால் கடலைக் குளிர்விக்க முடியாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே கோணத்தில், அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். சிலை சாய்ந்திருக்கிறதா, பீடத்துக்கு அடியில் மணல் அரித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிழிந்த வலை சுற்றியிருந்தால் அதை மட்டும் அறுத்து எடுக்க வேண்டும். முகத்தில் படிந்ததைச் சுரண்டச் சொல்லாதீர்கள். சிலை நிற்கும் இடத்தின் ஜி.பி.எஸ். எண்ணை மீன்வளத் துறையிடமும் சுற்றியுள்ள கிராமங்களின் சங்கங்களிடமும் எழுத்தில் கொடுத்துவையுங்கள். வலை மாட்டிக் கிழிந்தால் யாரிடம் பேச வேண்டும் என்ற பெயரும் போன் எண்ணும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.